புரொமோட்டர் வரிசைகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தமிழில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு, விடைத்தாள்களில் ஆண்டுதோறும் கண்ணிற்படும் வாக்கியம் ஒன்றுண்டு: “புரொமோட்டர் பரம்பரையலகைத் தொழிற்படச் செய்கிறது.” இதில் இலக்கணப் பிழை இல்லை, புள்ளியும் கிடைத்துவிடக்கூடும். ஆனால், ‘செய்கிறது’ என்ற வினைக்கு எழுவாயாக நிற்கும் தகுதி புரொமோட்டருக்குக் கிடையாது என்பதே என் கவலை. புரொமோட்டர் என்பது டி.என்.ஏ. இழையில் உள்ள ஓர் இடம். அங்கே புரதங்கள் வந்து பிணைகின்றன, ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்னும் நொதியம் அங்கே அமர்கிறது. எந்தப் புள்ளியிலிருந்து, எந்தத் திசையில், எவ்வளவு அடிக்கடி ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படும் என்பது அங்கே முடிவாகிறது. முடிவு செய்பவை வந்து சேரும் புரதங்கள். இதை மறந்து, மூலங்களின் (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ. எழுத்துகளின்) வரிசையை மட்டும் பார்ப்பதிலிருந்தே நான் இங்கு சொல்லவிருக்கும் தவறுகளிற் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. புரொமோட்டரைச் சிலர் ‘ஊக்கி’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் இரசாயனவியல் படித்த மாணவனுக்கு ஊக்கி என்றால் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும் பொருள் என்றே பதிந்திருக்கும். அந்தச் சொல்லை இங்கும் புழங்கினால், புரொமோட்டரும் ஏதோ தாக்கம் புரியும் பொருள் என்ற எண்ணம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று நிலைபெறும்வரை, ‘புரொமோட்டர்’ என்றே எழுதுவது பாதுகாப்பானது என்பது என் துணிபு.

அடுத்த தவறு எண்ணுவதில் நிகழ்கிறது. ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கப்படும் முதல் மூலம் +1 எனப்படும். அதற்கு நேர் முன்னே உள்ளது −1. இடையில் பூச்சியம் இல்லை. கணித வகுப்பின் எண்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணுகிறவர்கள் ஒரு மூலம் தவறிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய குழப்பம், பிரதியெடுத்தல் தொடங்கும் இடத்தையும் புரத மொழிபெயர்ப்புத் தொடங்கும் இடத்தையும் ஒன்றெனக் கொள்வது. புரதத்தின் முதல் அமினோவமிலத்தைக் குறிக்கும் ஏ-டி-ஜி என்ற மும்மை, பொதுவாகப் பிரதியின் தொடக்கத்திலிருந்து சிறிதோ அதிகமோ தள்ளியே இருக்கும். மருத்துவப் பரிசோதனை அறிக்கைகளில் எண்ணிக்கை பெரும்பாலும் இந்த ஏ-டி-ஜியிலிருந்து தொடங்க, பாடநூல்களோ பிரதியெடுத்தல் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுகின்றன. ஆகவே −67 என்று ஓர் எண்ணைக் கண்டால், எதை ஒன்றாகக் கொண்டு எண்ணியது என்று கேட்காமல் மேலே செல்லக்கூடாது.

பற்றீரியாவிலேயே பாடம் தொடங்குவதால் அங்கு சற்று நின்று பார்ப்போம். பிரான்சுவா ஜக்கோப், ஜாக் மொனோ ஆகியோர் 1961 இல் முன்வைத்த, ஒரே புரொமோட்டரின் கீழ்ப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து இயங்கும் ஒப்பரோன் மாதிரியை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் லக்டோசு வந்து புரொமோட்டரில் ஒட்டுகிறது என்று எழுதுபவர்களும் அவர்களேதான். லக்டோசிலிருந்து உண்டாகும் அலோலக்டோசு, பிரதியெடுப்பைத் தடுக்கும் அடக்கிப் புரதத்தோடு பிணைகிறது. அதனால் வடிவம் மாறிய அடக்கி, ஒப்பரேட்டர் என்னும் வேறொரு வரிசையை விட்டு விலகுகிறது. அடக்கி விலகிவிட்டால் போதும், முழு வேகத்தில் பிரதியெடுப்பு நடக்கும் என்று நினைப்பது இதைத் தொடர்ந்து வரும் பிழை.

அது ஏன் பிழை என்பதை அறிய ஒரு தாளில் ஆறு எழுத்துகளை எழுதிப் பாருங்கள். ஈ. கோலி என்ற பற்றீரியாவின் பல புரொமோட்டர்களை ஒப்பிட்டால், −10 ஐ ஒட்டி டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்ற வரிசையும், −35 ஐ ஒட்டி டி-டி-ஜி-ஏ-சி-ஏ என்ற வரிசையும் பொது வடிவங்களாகத் தெரிகின்றன. முன்னதை 1975 இல் விவரித்த டேவிட் பிரிப்னோவின் பெயரால் அது பிரிப்னோ பெட்டி எனப்படுகிறது. லக்டோசு ஒப்பரோனின் புரொமோட்டரில் அந்த இடத்தில் இருப்பது டி-ஏ-டி-ஜி-டி-டி. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால், நான்காம் ஐந்தாம் எழுத்துகள் பொருந்தாதிருப்பது தெரியும். பொலிமரேசு இங்கே உறுதியாகப் பற்றிக்கொள்வதில்லை. அதற்குத் துணையாக, குளுக்கோசு குறைந்திருக்கும் வேளையில் சுழல் ஏ.எம்.பி.யுடன் சேர்ந்து வரும் ‘கேப்’ என்ற புரதம் அருகில் பிணைய வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு எழுத்துகளும் பொது வடிவத்துக்கு மாறிய விகாரம் ஒன்று ஆய்வுகூடங்களில் புழக்கத்தில் உள்ளது. அந்தப் புரொமோட்டருக்குக் கேப்பின் துணை பெரிதும் தேவைப்படுவதில்லை. அப்படியானால் பொது வடிவத்தோடு முற்றிலும் பொருந்துவதே சிறந்த புரொமோட்டர் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மிக இறுக்கமாகப் பிடிபட்ட பொலிமரேசு புரொமோட்டரை விட்டுப் புறப்படச் சிரமப்படும். தவிர, லக்டோசு இல்லாதபோதும், குளுக்கோசு போதியளவு உள்ளபோதும் வீணாக நொதியம் ஆக்காதிருப்பதே அந்தக் கலத்துக்கு நன்மை. புரொமோட்டர் வலுக்குறைந்து இருப்பது அங்கே குறைபாடாகாது.

பற்றீரியாவில் கற்றதை அப்படியே மனிதக் கலத்துக்குக் கொண்டுசெல்வதும் தவறு. மனிதனின் எல்லாப் பரம்பரையலகுகளுக்கும் முன்னால் ‘டாட்டா பெட்டி’ (டி-ஏ-டி-ஏ என்று தொடங்கும் வரிசை) உண்டு என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது சிறுபான்மையான புரொமோட்டர்களிலேயே உள்ளது. பெரும்பாலானவை சி, ஜி மூலங்கள் செறிந்த பகுதிகளில் அமைந்துள்ளன. புரொமோட்டர் எப்போதும் பரம்பரையலகுக்கு முன்னால்தான் இருக்கும் என்பதும் முழு உண்மையன்று: இடமாற்று ஆர்.என்.ஏ.க்களை ஆக்கும் பரம்பரையலகுகளில் புரொமோட்டரின் முக்கிய பகுதிகள் பிரதியெடுக்கப்படும் வரிசைக்கு உள்ளேயே இருக்கின்றன.

என் அனுபவத்தில் மிகவும் ஆழமாக வேரூன்றிய தவறு வேறொன்று: ஈரற் கலத்தில் ஈரலுக்குரிய புரொமோட்டர்களும், நரம்புக் கலத்தில் நரம்புக்குரிய புரொமோட்டர்களும் மட்டும் இருப்பதாக எண்ணுவது. ஒருவரின் உடற் கலங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. வேறுபடுவன அதனைப் பற்றும் புரதங்களும், டி.என்.ஏ. சுருண்டு பொதிந்திருக்கும் விதமும், அதன்மீது படிந்த மெதைல் கூட்டங்களுமே. இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் மலேரியாவோடு தொடர்புடையது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதற்கு முன் இந்நாட்டவரை வாட்டிய ஒட்டுண்ணிகளில் பிளாஸ்மோடியம் வைவக்ஸ் முக்கியமானது. அது செங்குழியத்துள் நுழைய, குழியத்தின் மேற்பரப்பிலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேற்கு ஆபிரிக்காவில் மிகப் பெரும்பாலானோரின் செங்குழியங்களில் இந்தப் புரதம் இல்லை. ஆகையால் வைவக்ஸ் அவர்களை எளிதிற் தொற்றுவதில்லை. காரணம், டஃபி பரம்பரையலகின் புரொமோட்டரில் டி என்ற ஒரு மூலம் சியாக மாறியிருப்பது. நான் முன்னே சொன்ன −67 இதுவே. பழைய கட்டுரைகள் இதே இடத்தை −46 என்று எழுதின. அந்த ஓர் எழுத்து மாறியதால், செங்குழியங்களை உருவாக்கும் முன்னோடிக் கலங்களில் செறிந்திருக்கும் ‘காட்டா-1’ என்ற புரதம் அங்கே பிணைய முடியாது போகிறது. கவனியுங்கள்: அதே மனிதரின் நுண்ணிய நாளங்களின் உட்சுவர்க் கலங்களிலும் அதே மாறிய எழுத்துதான் இருக்கிறது, ஆனால் அங்கே டஃபி புரதம் வழமைபோல உண்டாகிறது. அந்தக் கலங்கள் காட்டா-1 ஐ நம்பியிருக்கவில்லை.

இதே உதாரணம் இன்னொரு தவறையும் திருத்த உதவும். புரொமோட்டரில் விகாரம் நேர்ந்தால் புரதத்தின் அமினோவமில வரிசை மாறும் என்று எழுதக்கூடாது. மாறுவது அளவு, அல்லது ஆக்கப்படும் இடமும் காலமும். ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீற்றா குளோபின் போதாமற்போகும் பீற்றா தலசீமியா நோயில், −28 ஆம் இடத்தில் ஏ என்ற மூலம் ஜியாக மாறினால் டாட்டா பெட்டி குலைகிறது. பீற்றா குளோபின் குறைவாக உண்டாகிறது, ஆனால் உண்டாகும் குளோபினில் குறை எதுவும் இல்லை. இதைப் படித்தவுடன் எல்லாத் தலசீமியாவும் புரொமோட்டர்க் கோளாறு என்று கொள்வதும் சரியன்று. இலங்கையில் அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியா விகாரங்கள், ஆர்.என்.ஏ. பிரதியிலிருந்து வெட்டி நீக்கப்படும் இன்ட்ரோன் என்னும் இடைப்பகுதிகளின் எல்லைகளை ஒட்டியவை. அவை புரொமோட்டரைச் சேர்ந்தவையல்ல.

புரொமோட்டரோடு, தொலைவிலிருந்தும் பிரதியெடுப்பைக் கூட்டும் ‘என்ஹான்சர்’ வரிசைகளைக் கலந்துவிடுவதையும் தவிர்க்க வேண்டும். கை விரல்களின் அமைப்பை வழிநடத்தும் பரம்பரையலகு ஒன்றின் என்ஹான்சர், அதன் புரொமோட்டரிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் மூலச் சோடிகளுக்கு அப்பால், முற்றிலும் வேறொரு பரம்பரையலகின் இன்ட்ரோனுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு மூலம் மாறினாலும் குழந்தை கூடுதல் விரலோடு பிறக்கக்கூடும்.

ஒரு முறை திறந்த புரொமோட்டர் திறந்தபடியும், மூடியது மூடியபடியும் இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு ஈமோபீலியா பி நோயின் லைடன் வகையைச் சொல்வேன். இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒன்பதாம் காரணியை ஆக்கும் பரம்பரையலகின் புரொமோட்டரில், −20 ஆம் இடத்தில் ஒரு மூலம் மாறியிருப்பதால், சிறுவயதில் அப்பிள்ளைக்கு இரத்தப்போக்கு எளிதில் நிற்பதில்லை. ஆனால் பூப்புக்காலம் வந்து ஆண் ஓமோன் பெருகியதும், அந்த ஓமோனைப் பற்றும் வாங்கிப் புரதம் அதே புரொமோட்டரில் −26 ஐ ஒட்டிப் பிணைய, காரணியின் அளவு பெருமளவு உயர்ந்து நோய் தணிகிறது. மாறிய எழுத்து மாறியபடியே இருக்கிறது. விகாரம் ஆறு மூலங்கள் தள்ளி, அந்த −26 ஆம் இடத்திலேயே நேர்ந்திருந்தால், ஓமோனின் வாங்கிக்கும் பிணைய இடம் இல்லாமற்போகிறது; அப்படிப்பட்ட பிள்ளைக்கு வளர்ந்த பின்னும் நோய் நீங்குவதில்லை.