வசூல் நிறுவனம் அழைத்தால்: ஒன்ராறியோவில் முதல் அழைப்பிலிருந்து என்ன செய்வது

கடனட்டை, கைபேசிக் கட்டணம், ஜிம் சந்தா என எந்தப் பாக்கியும் சில மாதங்கள் கட்டப்படாமல் கிடந்தால், கடன் கொடுத்தவர் அதை ஒரு வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்பார், அல்லது குறைந்த விலைக்கு விற்றுவிடுவார். அதன் பிறகு வருவதைத்தான் கனடாவில் நம்மவர்கள் 'கலெக்ஷன் கோல்' என்கிறார்கள். அந்த அழைப்பிலேயே, இன்றைக்கே, ஒரு தொகைக்கு உங்களைச் சம்மதிக்க வைப்பதுதான் அழைப்பவரின் வேலை. பேச்சைக் காகிதத்துக்கு மாற்றுவது உங்கள் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இங்கே சொல்வது ஒன்ராறியோச் சட்டம். கடன் வசூலை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே ஒழுங்குபடுத்துகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ கியூபெக்கிலோ இருப்பவர்கள் இதே வழியைப் பின்பற்றலாம், ஆனால் நேரங்களையும் கால எல்லைகளையும் தங்கள் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வங்கியின் சொந்த ஊழியர் அழைத்தால் இந்த மாகாண விதிகள் பொருந்தாது. வருமான வரித் திணைக்களத்துக்கும் பொருந்தாது.

முதலில், ஒரு தடவை எடுத்துப் பேசுங்கள்

பலர் இலக்கத்தைத் தடை செய்துவிட்டு ஒதுங்குகிறார்கள். அது உங்களுக்கே பாதகம். ஒன்ராறியோவில் கடன் கொடுத்த ஒரே நிறுவனத்துக்காக ஏழு நாட்களில் மூன்று தடவைக்கு மேல் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. வொய்ஸ்மெயிலில் செய்தி விடுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் அந்த மூன்றில் சேரும். ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது உங்களோடு முதல் உரையாடல் நடந்த பிறகுதான். நீங்கள் எடுக்காத வரை அந்த வரம்பும் தொடங்காது. அதனால்தான் சிலருக்கு நாளுக்கு ஐந்தாறு தடவை மணி அடிக்கிறது.

எடுக்கும்போது ஒரு கொப்பியும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கேட்க வேண்டியவை: அழைப்பவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், திருப்பி அழைக்க இலக்கம், கோப்பு இலக்கம், யாருக்காக வசூலிக்கிறார்கள், தொகை எவ்வளவு. பிறகு ஒரே வசனம்: "பிளீஸ் சென்ட் மீ த நோட்டிஸ் இன் ரைட்டிங்." ஆங்கிலம் தடுமாறினாலும் இந்த ஒரு வசனம் போதும். முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். தொடர்ந்து பேச வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

சொல்லக் கூடாதவை இன்னும் முக்கியம். சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், வேலை செய்யும் இடம், வீட்டில் வேறு யார் உழைக்கிறார்கள் என்ற விபரம், இவை எதையும் கொடுக்காதீர்கள். "ஓம், அது என்னுடைய கடன்தான், அடுத்த வெள்ளி கட்டுகிறேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். கடன் பட்டால் மானம் போய்விடும் என்று பழகிய நமக்கு, குரல் உயர்ந்தவுடன் எதையாவது ஒப்புக்கொண்டு முடித்துவிடத் தோன்றும். அந்தக் கூச்சத்தை எதிர்பார்த்தே பேச்சு நடக்கும்.

நீங்கள் கலந்துகொள்ளும் உரையாடலை நீங்களே ஒலிப்பதிவு செய்ய கனடாவின் குற்றவியல் சட்டம் இடம் தருகிறது. பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.

கடிதம் வரும்வரை

வசூல் நிறுவனம் முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடன் யாருக்கு உரியது, எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். அனுப்பி ஆறாவது நாள் வரை பணம் கேட்டு அழைக்கக் கூடாது. கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னால், நீங்கள் கொடுக்கும் முகவரிக்கு மறுபடி அனுப்பிவிட்டு, மறுபடி அதே காலம் காத்திருக்க வேண்டும். வீடு மாறியவர்களுக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அழைப்பு மட்டும் வந்து சேரும். அதனால்தான் முகவரியைச் சொல்லச் சொன்னோம்.

காத்திருக்கும் நாட்களில் மூன்று வேலைகள். ஒன்று, அந்த நிறுவனம் ஒன்ராறியோவில் பதிவு பெற்றதா என்று மாகாண அரசின் இணையதளத்தில் தேடுங்கள், அல்லது ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவை 1-800-889-9768 இல் கேளுங்கள். இரண்டு, கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். இரண்டும் இலவசம். கிரெடிட் ஸ்கோர் எனப்படும் புள்ளி எண்ணைப் பார்க்கக் காசு கேட்டால் அதை விட்டுவிட்டு அறிக்கையை மட்டும் எடுங்கள். மூன்று, கடன் கொடுத்த வங்கியையோ நிறுவனத்தையோ நேரே அழைத்து, கோப்பு உண்மையிலேயே இந்த வசூல் நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிக்கையைப் பார்க்கும்போது பெயரைக் கவனியுங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கும் நம் வழக்கத்தால், ஒரே பெயர் கொண்ட இருவரின் பதிவுகள் கலந்துவிட வாய்ப்பு உண்டு. புதிதாக வாங்கிய கைபேசி இலக்கம் முன்பு வேறொருவருடையதாக இருந்திருக்கலாம். தேடும் ஆள் நீங்கள் இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள், எழுத்திலும் அனுப்புங்கள். அதன் பிறகு, நீங்கள்தான் கடனாளி என்று உறுதிப்படுத்த நியாயமான முயற்சி எடுக்காமல் உங்களைத் தொடர்புகொள்வது விதிமீறல்.

அழைப்பு உண்மையா, மோசடியா

கிஃப்ட் கார்டிலோ பிட்கொயினிலோ கேட்டால் அது வசூல் அல்ல, திருட்டு. "இன்று மாலைக்குள் பொலிஸ் வரும்" என்பதும் அதே வகை. கடனட்டைப் பாக்கிக்காகக் கனடாவில் யாரையும் கைது செய்வதில்லை. நிரந்தர வதிவிட உரிமையை ரத்து செய்வோம் என்று மிரட்டினால் நம்ப வேண்டாம், அந்த அதிகாரம் எந்த வசூல் நிறுவனத்திடமும் இல்லை. இப்படியான அழைப்புகளைக் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு 1-888-495-8501 இல் அறிவியுங்கள்.

அவர்கள் மீறக் கூடாத கோடுகள்

திங்கள் முதல் சனி வரை காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரை அழைக்கலாம். ஞாயிறு பிற்பகல் 1 முதல் 5 வரை மட்டுமே. சட்டபூர்வ விடுமுறை நாட்களில் அழைக்கவே கூடாது.

உங்கள் முதலாளியை, நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்களா, என்ன பதவி, வேலையிட முகவரி எது என்று உறுதிசெய்ய ஒரு தடவை மட்டும் தொடர்புகொள்ளலாம். உறவினர், அயலவர், நண்பர் என்றால், உங்கள் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தெரியாத நிலையில் அவற்றைக் கேட்க மட்டும். கடனைப் பற்றி அவர்களிடம் வாய்திறக்கக் கூடாது, அவர்கள் கடனுக்குப் பொறுப்புக் கையெழுத்து வைத்திருந்தாலொழிய. மாமாவை அழைத்து விஷயத்தைச் சொன்னார்கள் என்றால் அது தெளிவான விதிமீறல். திகதி, நேரம், பேசியவரின் பெயர், சொன்னது என நான்கையும் கொப்பியில் எழுதிவையுங்கள். முறைப்பாட்டுக்கு அதுவே ஆதாரம். முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்பி, பதில் சரியில்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கணவனின் கடனை மனைவியிடமோ, மனைவியின் கடனைக் கணவனிடமோ கேட்கிறார்களா? சேர்ந்து கையெழுத்திட்ட கடனாக இல்லாவிட்டால், திருமணம் ஆனதால் மட்டும் பொறுப்பு வராது. வசூல் செலவு என்று தாங்களாக ஒரு தொகையைச் சேர்க்கவும் முடியாது. திரும்பி வந்த காசோலைக்கான கட்டணம் மட்டும் விதிவிலக்கு.

அழைப்புகளை நிறுத்தும் பதிவுத் தபால்

கடனை மறுக்கிறேன், விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதினால், அதன் பிறகு வசூல் நிறுவனம் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது. ஒரு சட்டத்தரணி உங்களுக்காகப் பேசுகிறார், அவரோடு மட்டும் தொடர்புகொள்ளுங்கள் என்று அவருடைய முகவரியும் இலக்கமும் கொடுத்து எழுதுவதும் அதே பலன் தரும். கடிதம் ஆங்கிலத்தில், நான்கைந்து வரி: திகதி, கோப்பு இலக்கம், கடனை மறுக்கிறேன், நீதிமன்றத்தில் தீர்க்கலாம், இனித் தொடர்புகொள்ள வேண்டாம். காரணங்களை அடுக்க வேண்டாம். சாதாரண தபாலோ மின்னஞ்சலோ இதற்குப் போதாது. கனடா போஸ்ட் தரும் ரசீதையும் கண்காணிப்பு இலக்கத்தையும் கடிதப் பிரதியோடு இணைத்து வையுங்கள்.

ஆனால் இது எல்லோருக்கும் ஏற்ற மருந்தல்ல. கடன் உங்களுடையது, தொகை பெரியது, பாக்கி விழுந்து சில மாதங்கள்தான், உங்களுக்கு நிலையான சம்பளமும் இருக்கிறது என்றால், நீங்களே வழக்குக்கு வெற்றிலை வைத்து அழைக்கிறீர்கள். கடன் உங்களுடையதல்ல, தொகை தவறு, அல்லது காலம் கடந்தது என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

இரண்டு ஆண்டுக் கணக்கு

2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோக் கால வரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான். வழக்கமாக இது பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து எண்ணப்படும். அந்த இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் 20 டொலர் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலும், கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். "நல்லெண்ணத்துக்கு ஒரு சிறு தொகை போடுங்கள்" என்று அவர்கள் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

காலம் கடந்ததால் கடன் அழிந்துவிடாது. அழைப்புகள் வரலாம், வழக்கும் போடலாம். வழக்கு வந்தால் காலம் கடந்தது என்பதை நீங்கள்தான் எதிர்வாதத்தில் எழுத வேண்டும், நீதிமன்றம் உங்களுக்காகத் தேடிப் பார்க்காது. கியூபெக்கில் இந்தக் காலம் மூன்று ஆண்டுகள். அரசாங்கத்துக்குத் தர வேண்டிய கடன்களுக்கு வேறு கணக்கு. நெடுஞ்சாலை 407 கட்டணத்தையும் இதோடு குழப்ப வேண்டாம், அது கட்டாவிட்டால் வாகனப் பதிவைப் புதுப்பிப்பதே தடைப்படும்.

நீதிமன்றக் காகிதம் வந்தால்

அழைப்பைப் புறக்கணித்தவர்கள் இதையும் புறக்கணிக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. சிறுகோரிக்கை நீதிமன்றத்தின் உரிமைகோரல் கையில் கிடைத்தால் 20 நாட்களுக்குள் 9ஏ படிவத்தில் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். தாக்கல் கட்டணம் கட்ட வசதியில்லையென்றால் விலக்குக் கேட்கலாம். கடன் சரிதான் என்றாலும், அதே படிவத்தில் ஒப்புக்கொண்டு மாதத் தவணையை முன்மொழியலாம்.

சம்பளத்தில் கைவைக்க, வழக்கமாகக் கடன் கொடுத்தவருக்கு இந்தத் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் கையில் வரும் நிகரச் சம்பளத்தில் 20 சதவீதம்தான் எல்லை: மாதம் 3,000 டொலர் வந்தால் 600. ஒரு ஓட்டை உண்டு. கடன் எந்த வங்கியில் இருக்கிறதோ அதே வங்கியில் உங்கள் சம்பளமும் விழுந்தால், தீர்ப்பு இல்லாமலே கணக்கிலிருந்து பாக்கியை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழியிருக்கிறது. பாக்கி விழுந்த உடனே வேறு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள்.

கட்டுவதென்று தீர்மானித்தால்

முதலில் வாடகை, சாப்பாடு, மின்சாரம், பயணம் போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையை மீறி எதற்கும் சம்மதிக்க வேண்டாம், இரண்டாவது தவணையே தவறும். மொத்தமாகக் கட்ட முடிந்தால் குறைத்துக் கேளுங்கள். முழுத் தொகையைவிடக் குறைவாக ஏற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம்தான். கையில் இருப்பது எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

பணம் அனுப்புமுன் கடிதம் வாங்குங்கள்: இந்தக் கோப்பு, இந்தத் தொகை, இந்தத் திகதிக்குள் கட்டினால் கடன் முழுதாகத் தீர்ந்தது என்று. பின்திகதியிட்ட காசோலைக் கட்டும், கணக்கிலிருந்து தானாக எடுக்கும் அனுமதியும் கொடுக்காதீர்கள். வங்கி டிராஃப்ட் அல்லது வங்கியின் பில் கட்டும் வசதியைப் பயன்படுத்தினால் பதிவு உங்களிடம் இருக்கும்.

பல கடன்கள் சேர்ந்து, வட்டியைக் கூடக் கட்ட முடியவில்லை என்றால், உரிமம் பெற்ற திவால்நிலை அறங்காவலரிடம் போங்கள். முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வீட்டு அடமானம் தவிர்த்து 250,000 டொலர் வரையான கடனுக்கு 'கன்சியூமர் புறொப்போசல்' போடலாம், அதாவது திவாலாகாமல் கடனின் ஒரு பகுதியைத் தவணையில் கட்டித் தீர்க்கும் சட்டபூர்வ ஏற்பாடு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். தாக்கல் செய்த அன்றே வழக்கமான கடன்களுக்கான அழைப்புகளும் சம்பளப் பிடிப்பும் நிற்க வேண்டும். ஊரிலிருந்து பெற்றோரையோ துணையையோ ஸ்பொன்சர் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: திவாலாகி இன்னும் விடுவிக்கப்படாதவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. புறொப்போசலுக்கு அந்தத் தடை இல்லை. 'கடனைப் பாதியாக்குகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டாம். கடனைக் குறைத்துத் தீர்த்துத்தரும் சேவைக்கு முன்பணம் வாங்குவது ஒன்ராறியோவில் தடை.

கட்டி முடித்த பிறகு, முழுதாகத் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு மாதம் கழித்து இரு கடன் அறிக்கைகளையும் மறுபடி பாருங்கள். பாக்கி பூச்சியம் என்று இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தோடு திருத்தம் கேளுங்கள். கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். கடன்கள் கைமாறி விற்கப்படுவதால், சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் அதே கோப்போடு அழைக்கும். அப்போது பேச்சுக்கே போக வேண்டாம், அந்தக் கடிதத்தின் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.