ஆப்பிரிக்க, கரீபிய எதிர்ப்புப் பாடல்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட் நம் ஊர்க் கடைத்தெருவிலும் தொங்குகிறது. அவர் எதைப் பற்றிப் பாடினார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இவரைப் போன்றவர்களின் பாட்டுகள் அரசுகளுக்கு எரிச்சல் மூட்டியவை. சிலரைச் சிறையில் தள்ளியவை. ஆனாலும் கேட்டதும் ஆடத் தோன்றும். ஆட்டத்தையும் கோபத்தையும் பிரிக்காமல் கேட்கப் பழகுவோம்.

படி 1: ஒரே ஒரு பாட்டு

நூறு பாட்டு உள்ள பிளேலிஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி 1976இல் வெளியிட்ட 'ஸோம்பி' போதும். 12 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: முதலில் தாளம்

முதல் தடவை வரிகளைத் தேடாதீர்கள். ஃபெலா குழுவின் டிரம்மர் டோனி ஆலனின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். கிட்டார் ஒரு சின்னத் துணுக்கையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஏறி வரும். ஃபெலா வாய் திறக்கவே சில நிமிடங்கள் ஆகும். பொறுமை இழந்து முன்னால் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் உடம்பு தாளத்துக்குள் போகிறது. இதுதான் ஆஃப்ரோபீட்.

படி 3: இப்போது வரிகள்

ஃபெலா பாடுவது பிட்ஜின் ஆங்கிலத்தில், அதாவது உள்ளூர் மொழிகள் கலந்த எளிய ஆங்கிலத்தில். தாய்மொழியான யொருபாவில் மட்டும் பாடியிருந்தால் அந்த மக்களோடு நின்றிருக்கும். பிட்ஜின் மேற்கு ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் புரியும். ஸோம்பி என்று அவர் சொல்வது ராணுவச் சிப்பாயை. போ என்றால்தான் போவான், நில் என்றால்தான் நிற்பான், யோசி என்று சொன்னால்தான் யோசிப்பான். அப்புறம் அணிவகுப்புக் கட்டளைகள் வரிசையாக வரும்: அட்டென்ஷன், குயிக் மார்ச், அபவுட் டர்ன். பள்ளி டிரில் பீரியடில் நமக்கும் பழகியவைதான். ஒவ்வொரு கட்டளைக்கும் பெண்கள் குழு 'ஸோம்பி' என்று பதில் சொல்லும். நைஜீரியாவில் அப்போது நடந்தது ராணுவ ஆட்சி என்பதை நினைவில் வைத்து இந்த இடத்தைக் கேளுங்கள்.

படி 4: பாட்டுக்குப் பிறகு நடந்தது

1977 பிப்ரவரி 18 அன்று சுமார் 1,000 சிப்பாய்கள் லாகோஸில் ஃபெலா வாழ்ந்த வளாகத்தைச் சூழ்ந்தார்கள். 'கலகூட்டா ரிப்பப்ளிக்' என்று அவர் பெயர் வைத்திருந்த இடம். அங்கிருந்தவர்களை அடித்து, வீட்டைக் கொளுத்தினார்கள். 1940களில் அபெயோகுட்டா பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடிய அவருடைய தாய் ஃபுன்மிலாயோவை மாடி ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். அரசு விசாரணை பழியை 'அடையாளம் தெரியாத சிப்பாய்' மேல் போட்டது. ஃபெலா அதையே தலைப்பாக்கி 'அன்நோன் சோல்ஜர்' பாடினார். தாயின் நினைவாக ஒரு சவப்பெட்டியை ராணுவத் தலைமையகத்துக்கே கொண்டுபோனார்.

இப்போது 'ஸோம்பி'யை மறுபடி போடுங்கள். அதே டிரம்ஸ்தான், ஆனால் கட்டளைகள் வரும் இடத்தில் முன்பு போலச் சிரிப்பு வராது.

படி 5: ஜமைக்காவுக்கு

மார்லியின் 'வார்' பாட்டும் 1976தான். அதன் வரிகளில் பெரும்பகுதி, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. சபையில் பேசிய பேச்சு. இனவெறி ஒழியும்வரை எங்கும் போர்தான் என்பது சாரம். எதுகை இல்லை, பாட்டுக்கென்று எழுதிய வரிகளும் குறைவு. மேடைப் பேச்சை பேஸ் கிட்டார் தாங்கி நடத்துகிறது. அடுத்து அவருடைய 'ஒன் டிராப்' பாட்டை எடுத்து நான்கு நான்காக எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையில் டிரம்ஸின் கனத்த அடி விழாது, மூன்றில்தான் விழும். ஜமைக்காவின் ரெகே இசை பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 6: கேள்வியும் கேளுங்கள்

ஃபெலாவின் 'லேடி' ஆணுக்குச் சமம் என்று சொல்லும் பெண்ணைக் கேலி செய்கிறது. ஃபுன்மிலாயோவின் மகன் பாடியது! கரீபியத் தீவான டிரினிடாடின் மைட்டி ஸ்பேரோ 1956இல் பாடிய 'ஜீன் அண்ட் டைனா', கலிப்ஸோ என்ற அந்த ஊர்ப் பாட்டு வகை, அமெரிக்கப் படையினர் போனபின் வருமானம் இழந்த பெண்களைப் பார்த்துக் கெக்கலிக்கிறது. இசை அருமை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. தாளத்தை ரசித்துக்கொண்டே கருத்தோடு சண்டை போடலாம்.

படி 7: ஒரு பாடகர், இரண்டு அரசுகள்

கடைசியாக ஜிம்பாப்வேயின் தாமஸ் மாப்ஃபுமோ. மரப்பலகையில் இரும்புப் பட்டைகள் பொருத்தி, கட்டைவிரலால் மீட்டும் ம்பிரா என்ற கருவியின் ஒலியை எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். ஷோனா மொழியில் விடுதலைப் போராட்டத்தை ஆதரித்துப் பாடியதால் வெள்ளையர் அரசு 1970களின் இறுதியில் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. 1980இல் விடுதலை வந்தது. 1989இல் அவர் வெளியிட்ட பாட்டின் பெயர் 'கரப்ஷன்', இந்தத் தடவை விடுதலைக்குப் பின் வந்த முகாபே ஆட்சியை நோக்கி. முதலில் அவருடைய 1970களின் பாட்டு ஒன்று, உடனே 'கரப்ஷன்' என்று அடுத்தடுத்துக் கேளுங்கள்.