மனித மூளையில் நரம்பு ஸ்டெம் செல்லைத் தேடுவது எப்படி?

வளர்ந்தவரின் மூளையில் ஒரே ஒரு மார்க்கரை (செல்லை அடையாளம் காட்டும் புரதத்தை) வைத்து 'இது நரம்பு ஸ்டெம் செல்', அதாவது புதிய நியூரான்களை உருவாக்கும் மூலச்செல், என்று சொல்லவே முடியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. இடம்: நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸில் டென்டேட் ஜைரஸ் என்ற மடிப்பை எடுங்கள். அங்கே சிறு நியூரான்கள் நெருக்கமாக இருக்கும் கிரானுல் செல் அடுக்குக்கும், அதன் உட்பக்கம் உள்ள ஹைலஸுக்கும் நடுவே ஓடும் மெல்லிய பட்டைதான் நாம் தேடும் பகுதி.

2. திசுவின் கதை: இறந்து எத்தனை மணி நேரத்தில் திசு எடுக்கப்பட்டது, ஃபிக்ஸ் செய்யும் (கெடாமல் பதப்படுத்தும்) கரைசலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். வளர்ந்தவரின் டென்டேட் ஜைரஸில் இளம் நியூரான்கள் தென்படவில்லை என்று 2018-இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2019-இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் கண்டதாகச் சொன்னார்கள்; ஃபிக்ஸ் செய்யும் நேரம் நீண்டால், இளம் நியூரானின் மார்க்கரான டபுள்கார்டின் சாயம் மங்கிவிடுகிறது என்றும் காட்டினார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. என் கருத்தில், திசுவின் வரலாறு எழுதப்படாத படத்தை நம்பக்கூடாது.

3. மார்க்கர்கள்: ஜிஎஃப்ஏபி, நெஸ்டின், சாக்ஸ்2 மூன்றையும் ஒரே செல்லில் தேடுங்கள். ஜிஎஃப்ஏபியும் சாக்ஸ்2-வும் நியூரான்களுக்குத் துணை நிற்கும் சாதாரண ஆஸ்ட்ரோசைட் செல்லிலும் உண்டு. நெஸ்டின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் ஒளிரும். டபுள்கார்டின் காட்டுவது இளம் நியூரானை, ஸ்டெம் செல்லை அல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

4. சாயமேற்றுதல்: சிட்ரேட் பஃபரில் சூடாக்கி ஆன்டிஜெனை (ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய புரதத்தை) மீட்டெடுங்கள். பிறகு ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி சீரத்தால் பிளாக் செய்து, மார்க்கரில் ஒட்டும் முதல் ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். மறுநாள் கழுவிவிட்டு, அதன்மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி போடுங்கள்.

5. பொய் ஒளி: வயதான நியூரான்களில் லிப்போஃபஸ்சின் என்ற கழிவு நிறமி சேர்ந்திருக்கும், அது எல்லா நிறத்திலும் தானாக ஒளிரும். சுடான் பிளாக் என்ற சாயம் போட்டு அடக்கலாம். ஆன்டிபாடியே போடாத ஒரு திசு வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். கிடைத்தால் குழந்தையின் ஹிப்போகாம்பஸ் வெட்டு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சாயம் பிடிக்கவில்லை என்றால் கோளாறு ஆன்டிபாடியிலோ சாயமேற்றிய முறையிலோ இருக்கலாம்.

6. எண்ணுதல்: கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படம் எடுத்து, எல்லா நிறமும் ஒரே செல்லில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் கிடக்கும் இரண்டு செல்கள் ஒன்றாகத் தெரிவது சகஜம். அப்புறம், கேஐ-67 என்ற மார்க்கர் ஒளிர்ந்தால் அந்த செல் பிரியும் சுழற்சியில் இருக்கிறது என்றுதான் பொருள். அது மைக்ரோக்ளியாவாகவும் (மூளையின் நோயெதிர்ப்புச் செல்) இருக்கலாம்; அதைக் காட்டும் ஐபிஏ1 சாயமும் போட்டுப் பார்த்து, அதிலும் ஒளிர்ந்தால் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.