ப்ளூஸ் பியானோக்காரர் ஓவியம் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

மங்கலான மதுக்கூடம். நீலப் புகை. தொப்பியைச் சாய்த்து வைத்த கறுப்பின முதியவர் ஒருவர் பியானோ மேல் குனிந்திருக்கிறார். 'விற்பனைக்கு' என்று இப்படி ஒரு படம் திரையில் வந்தால் போதும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பித்து உள்ளவர்களுக்குக் காதுக்குள் பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். விரல் தானாகவே 'வாங்கு' பொத்தானுக்குப் போகும். பாட்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஓவியத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

முகத்தைப் பார்க்கும் முன் கட்டைகளைப் பாருங்கள். பியானோவில் மொத்தம் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக வரும். அவசரமாக வரைகிறவர்கள் வரிக்குதிரைக் கோடு மாதிரி ஒன்று விட்டு ஒன்று கறுப்பை இழுத்துவிடுவார்கள். புகையில் கரைந்ததுபோல் மங்கலாக வரைந்திருந்தால் அது ஓவியரின் பாணி, குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கட்டையையும் கூர்மையாக வரைந்துவிட்டு வரிசையைத் தப்பாக வைத்திருந்தால், அவர் பியானோ பக்கமே போனதில்லை என்று அர்த்தம். விரல்களையும் எண்ணுங்கள். கணினி தானாக உருவாக்கிய படங்களும் 'கையால் வரைந்தது' என்று விலைக்கு வருகிற காலம் இது.

அடுத்து, பியானோவின் வகை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி பக்கம் மரம் வெட்டும் முகாம்களில் இருந்த சாராயக் கொட்டகைகளில் வளர்ந்த வாசிப்புதான் ப்ளூஸ் பியானோ. அங்கே சுவரோரம் நின்றது நெட்டுக்குத்தான அப்ரைட் பியானோ. '1930-களின் மிசிசிப்பி' என்று தலைப்பு வைத்துவிட்டு, படுக்கைவாட்டில் நீளும் பளபளப்பான கிராண்ட் பியானோவை நடுவில் நிறுத்தினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அதற்காக ப்ளூஸ்காரர்கள் கிராண்டைத் தொட்டதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மெம்ஃபிஸ் ஸ்லிம் 1962-இல் பாரிசுக்கே குடிபோய் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தவர். கிராண்ட் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: அதன் மூடி வாசிப்பவருக்கு வலப்பக்கம்தான் திறக்கும். இடப்பக்கம் திறந்திருந்தால், யாரோ புகைப்படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், ஓவியரும் அதை அப்படியே பார்த்து வரைந்துவிட்டார்.

பெயரைச் சொல்லி விலை ஏற்றுவது இன்னொரு வித்தை. 'பைன்டாப்' என்று எழுதியிருந்தால் எந்தப் பைன்டாப் என்று கேளுங்கள், அந்தப் பெயரில் இரண்டு பியானோக்காரர்கள் உண்டு. பூகி-வூகி (துள்ளலான ப்ளூஸ் பியானோ பாணி) என்ற சொல்லைப் பரப்பிய இசைத்தட்டை 1928 டிசம்பரில் பதிவு செய்த பைன்டாப் ஸ்மித், அடுத்த மார்ச்சிலேயே சிகாகோவில் ஒரு நடனக்கூடத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 24. நரைத்த தலையோடு தெரிகிற பைன்டாப் அவராக இருக்க முடியாது. அது அவர் பாட்டை வாசித்தே அந்தப் பட்டப்பெயரைப் பெற்ற பைன்டாப் பெர்கின்ஸ், 97 வயதில் கிராமி வாங்கிவிட்டு 2011-இல் மறைந்தவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பியானோக்காரர் ஜேம்ஸ் புக்கர் என்றால் இடது கண்ணில் மறைப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஊர்ப் பியானோக்காரர் புரொஃபசர் லாங்ஹேர் என்றால் நான் காலைப் பார்ப்பேன். பியானோவின் அடிப்பலகையை உதைத்தே தாளம் வைத்தவர் அவர். அதை வரைந்திருக்கிற ஓவியர் விஷயம் தெரிந்தவர்.

சரி, நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். நியூ ஆர்லியன்சில் ஜாக்சன் சதுக்கத்து இரும்பு வேலியில் ஓவியர்கள் படங்களை மாட்டி விற்பார்கள். அங்கே என்றால் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். நான் வாங்கியது இணையத்தில். 'கேன்வாஸில், கையெழுத்துடன்' என்று போட்டிருந்தது. ஒரிஜினல் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். வந்ததைத் தொட்டால் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. ஆனால் அந்தத் தடம் தொப்பியின் வளைவோடு வளையாமல் குறுக்கே நேராக ஓடியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முழுக்கப் புள்ளி புள்ளியாக மை. கேன்வாஸில் இன்க்ஜெட்டில் அச்சிட்டு மேலே ஒளி ஊடுருவும் பசையைத் தூரிகையால் தடவியிருந்தார்கள். 'ஜிக்ளே' என்று பிரெஞ்சு வாசனையோடு சொல்வது இந்த அச்சைத்தான். விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஒரிஜினல் என்ற சொல்லே அதில் இல்லை.

அப்போதிலிருந்து மூன்று புகைப்படம் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை: கேன்வாஸின் பின்பக்கம், ஓரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் முன்பக்கம். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுவேன். கூடவே வரும் 'அசல் சான்றிதழை' யார் கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும். யார் என்றே தெரியாதவர் தந்த சான்றிதழ் வெறும் காகிதம்.

அச்சு என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் தப்புதான். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவுக்கு 1975 முதல் சுவரொட்டி வெளியிடுகிறார்கள். எண்ணிட்ட பட்டுத்திரை அச்சுகளைத் (துணித் திரை வழியாக மையைத் தேய்த்து அச்சிடுவது) தேடிச் சேர்க்கும் கூட்டமே உண்டு. 34/200 என்று ஓரத்தில் இருந்தால் இருநூறில் முப்பத்து நான்காவது பிரதி. விலை அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிவிட்டோமே என்று அதை ஆல்பம் அட்டையிலோ டி-ஷர்ட்டிலோ போட்டுவிடாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி கேன்வாஸ் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததாக இருந்தால் புகைப்படக்காரரும் கேள்வி கேட்கலாம். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த படத்தை வைத்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் உருவாக்கிய ஓவியம் ஒன்று, பின்னாளில் ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வழக்கில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று புகைப்படக்காரர் பக்கம் நின்றது. வார்ஹோலுக்கே அந்தக் கதி.

அளவில் ஏமாறுகிறவர்களும் நிறையப் பேர். ஓவியத்தில் உயரத்தை முதலில் எழுதுவதுதான் வழக்கம். 36 × 24 என்றால் நின்ற படம். சோபாவுக்கு மேலே கிடைமட்டமாக மாட்ட நினைத்து வாங்கினால் திண்டாட்டம்தான்.

அப்புறம் பொட்டலம். அக்ரிலிக் வண்ண ஓவியத்தின் மேல் குமிழ்ப் பிளாஸ்டிக் நேராகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். இடையில் வழவழப்பான கிளாசீன் தாள் வைக்கச் சொல்லுங்கள். சுருட்டி அனுப்பினால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழலில் சுருட்ட வேண்டும். சிகாகோவில் பனி கொட்டும் ஜனவரியில் அனுப்பியது என்றால் வந்தவுடன் பிரித்து உதறாதீர்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்து, விரிக்கும்போது வெடித்துவிடும். ஒரு நாள் அறைச் சூட்டில் அப்படியே கிடக்கட்டும்.