வாய் நாற்றமா? முதலில் நாக்கு, அப்புறம் பெப்பர்மிண்ட்

தர்மபுரி – ஓசூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைக் கூட்டத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகக் குனிந்து "எங்கே இறங்கணும்?" என்று கேட்கிற வேலை. வாய் நாறினால் டிக்கெட் வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பாவம். எங்கள் வேலையில் அது சுலபமாக வந்தும் விடும். கத்திக் கத்தி வாய் வறண்டுபோகும். வழியில் ஒதுங்க முடியாது என்று தண்ணீரையும் குறைத்துவிடுவோம். டீ மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். எச்சில் குறைந்தால் நாக்கின் பின்பக்கம் படிகிற மாவில் கிருமிகள் பெருகிக் கந்தக வாயுவை விடுகின்றன. நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அதனால் பெப்பர்மிண்ட்டை (மிட்டாயை அல்ல, அந்தப் பெயருள்ள புதினா வகையைச் சொல்கிறேன்) தேடும் முன் நாக்கை வழியுங்கள். நுனியை மட்டும் வழித்தால் பிரயோஜனம் இல்லை. நாக்கை நன்றாக வெளியே நீட்டி, நாக்கு வழிக்கிற கம்பியை முடிந்தவரை உள்ளே வைத்து மெதுவாக முன்னால் இழுங்கள். குமட்டினால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள், அடங்கும். கம்பியில் வருகிற மஞ்சள் மாவை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். உங்கள் வாய் மற்றவருக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சந்தையில் கட்டுக்கட்டாக வருகிற புதினா பெரும்பாலும் வேறு வகை. பெப்பர்மிண்ட் இலை கொஞ்சம் கரும்பச்சை, இலைக்குச் சின்னக் காம்பு இருக்கும், தண்டு செந்நிறம் ஓடியிருக்கும். கசக்கி முகர்ந்தால் மூக்குக்குள் ஜில்லென்று ஏறும். அந்த ஜில்லிப்பைத் தருகிற மெந்தால் சந்தைப் புதினாவைவிட அதில் அதிகம். ஓசூர்ப் பக்கம் நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். விதையை நம்ப வேண்டாம், வேர்விட்ட தண்டாகவே வாங்குங்கள். தொட்டியில் வைப்பதுதான் நல்லது, தரையில் விட்டால் ஓடிப் பரவி மற்ற செடிகளை அமுக்கிவிடும். கிடைக்கவில்லையா, சாதாரணப் புதினாவே போதும். குளிர்ச்சிதான் குறையும்.

சாப்பிட்ட பிறகு நாலைந்து இலையைக் கழுவி மென்றுகொண்டிருங்கள். களிக்குப் பச்சை வெங்காயம் கடித்துக்கொண்ட நாளில் இது ரொம்ப உதவும். மணம் ஒரு பக்கம் இருக்கட்டும், மெல்லும்போது எச்சில் ஊறுகிறதே, அதுதான் பெரிய பலன்.

வாய் கொப்பளிக்க: ஒரு கைப்பிடி இலையைக் கிள்ளிப் போட்டு ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றி, உடனே தட்டு போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஆறியதும் தொண்டை வரை கொப்பளித்துத் துப்புங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள், வாயில் உள்ள கிருமிக்கு அது தீனி. பெட்டிக்கடைப் பெப்பர்மிண்ட் மிட்டாயை நான் தொடாததும் அதனால்தான். அன்றன்றைக்குப் போட்டு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நான் சின்ன பாட்டிலில் ஊற்றி டிக்கெட் பைக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். பஸ் கிளம்புமுன் ஒரு கொப்பளிப்பு, அப்புறம் நாலு மடக்கு தண்ணீர்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இந்த இலைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி எரிச்சலைக் கூட்டும். எண்ணெயாக விற்பது ரொம்பக் காரமானது, விழுங்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் கொண்டு போகாதீர்கள், மூச்சு முட்டும்.

நம் தர்மபுரி மாவட்டத்தில் இன்னொன்று. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் பல் பழுப்பேறியவர்கள் நிறைய. அந்தக் கறையால் வாய் நாறாது. கறை இருக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசாதீர்கள். பெப்பர்மிண்ட்டால் அந்தக் கறை போகவும் போகாது.

ஈறில் ரத்தம், பல்லில் சொத்தை, இல்லை இரண்டு வாரம் ஒழுங்காக நாக்கு வழித்தும் நாற்றம் அடங்கவில்லை என்றால் பல் டாக்டரிடம் போங்கள். தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். போகிற நாளில் இலையை மெல்லாமல் போங்கள், டாக்டருக்கு உண்மையான வாசனை தெரிய வேண்டும்.