மாடல் விமானத்து விளக்குக்கு ரிமோட்டில் ஒரு சுவிட்ச்

கோயில் கொடைகளுக்கு சீரியல் செட் கட்டுவது என் தொழில். அதில் வருகிற காசைக் கரைக்க மாடல் விமானம் இருக்கிறது. கயத்தாறு பக்கம் மசங்குகிற நேரத்தில் பறக்கவிட்டால், தூரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளோடு நம் விமானத்து விளக்கும் கலந்துவிடும். தரையில் நின்றபடியே ஒருதடவை அணைத்து எரியவிட்டால் போதும், எது நம்முடையது என்று கண் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் இந்த சுவிட்ச்.

இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. விமானம் நம்மை நோக்கி வரும்போது சிவப்பு நமக்கு வலப்பக்கம் தெரியும். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்குவது ரிசீவர். அதன் ஒவ்வொரு சேனலும் (ஒரு வேலைக்கு ஒரு வழி) 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பின் நீளம் 1 முதல் 2 மில்லிசெகண்ட். ரிமோட்டில் சுவிட்சைத் தட்டினால் துடிப்பு குட்டையிலிருந்து நீளத்துக்கு மாறும். இதைப் படித்து விளக்கை எரியவிடும் சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச் ரெடிமேடாகவே கிடைக்கிறது. சர்வோ (விமானத்தின் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்) மாதிரியே மூன்று வயர், காலிச் சேனலில் செருகினால் சரி. அது கிடைக்காவிட்டால் 9 கிராம் சர்வோ ஒன்றின் பக்கத்தில் மைக்ரோ சுவிட்சை ஒட்டி, சர்வோவின் கை அதை அமுக்கும்படி வையுங்கள். கொஞ்சம் கனம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுதான். கோளாறு வந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அமுக்கிய பிறகும் சர்வோ முனகிக்கொண்டே இருந்தால், ரிமோட்டில் எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோவின் கை போகும் எல்லையை, குறையுங்கள்.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட் வைத்திருப்பவர்கள் மெனுவில் ஆக்ஸ் சேனல்ஸ் போய் 5-ஆம் சேனலுக்கு ஒரு சுவிட்சைக் கொடுங்கள். அந்த ரிமோட் ஆன் ஆகும்போது எல்லா சுவிட்சும் மேலே இருக்கச் சொல்லும். அதனால் மேலே இருந்தால் அணைவது, கீழே தள்ளினால் எரிவது என்று வைப்பது வசதி. தலைகீழாக வந்தால் சேனலை ரிவர்ஸ் செய்தால் போதும்.

இனி எல்இடி. என் தொழில் புத்திக்கு எதையும் சீரியலாகக் கோர்க்கத்தான் கை போகும். ரிசீவரின் 5 வோல்ட்டில் அது நடக்காது: வெள்ளை எல்இடி ஒன்றுக்கே 3 வோல்ட் வேண்டும், இரண்டைக் கோர்த்தால் சரியாக எரியாது. ஒவ்வொன்றையும் தனி ரெசிஸ்டரோடு பேரலலாக இணையுங்கள். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் என்பதால் 150 ஓம், பச்சைக்கும் வெள்ளைக்கும் 100 ஓம். 20 மில்லிஆம்ப் அளவில் ஓடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒட்டப்போகிறீர்கள் என்றால் ரிசீவரைத் தொடவேண்டாம். விமானத்தின் 3 செல் லைப்போ பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்து, நடுவில் இந்த சுவிட்சை வையுங்கள். எலக்ட்ரானிக் சுவிட்ச் வாங்கும்போது அத்தனை வோல்ட்டையும் ஆம்பியரையும் தாங்குமா என்று பாருங்கள். வயர் எதுவும் ரிசீவர் ஆண்டெனாவை ஒட்டிப் போகக் கூடாது.

சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், இதில் சோம்பல் ஆகாது. ஃபெயில்சேஃபில் (சிக்னல் போனால் என்ன நடக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது) மோட்டார் நிற்கவும் விளக்கு எரியவும் அமைத்துவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சிக்னல் போய் வயக்காட்டில் விழுந்தாலும் இருட்டில் தேட வெளிச்சம் இருக்கும்.

கோடையில் வற்றிய குளம் நல்ல மைதானம். ஆனால் இஸ்ரோ இருக்கும் மகேந்திரகிரி, அணுமின் நிலையம் இருக்கும் கூடங்குளம், கடற்படைத் தளம் இருக்கும் விஜயநாராயணம் பக்கமெல்லாம் போகவே வேண்டாம். வேறு எந்த இடமானாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வால் விளக்கும் அதன் வயரும் சில கிராம்தான் என்று விட்டுவிடாதீர்கள். இறக்கைக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்கி சிஜி (எடை மையம்) பாருங்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் முன்னே தள்ளி வையுங்கள்.