கண்ணில் கண்டதைக் கண்ணோடு விட்டுவிடாதீர்கள்

கண் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், நான் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே அதே தைரியத்தோடு செய்கிறார்கள்: உயர் ரத்த அழுத்தத்தின் சேதத்தைக் கண்ணில் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தை மறந்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத் திட்ட வேறு ஆள் இருக்கிறார்கள்.

கிரியாட்டினின் சரி என்று கோப்பை மூடுவது

பூக்கட்டும் பாட்டி ஒருவர், எழுபது வயது, ஒல்லியான உடம்பு. நாரில் முடிச்சு விழவில்லை, கண்ணாடி வேண்டும் என்று வந்தார். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தேன். தமனிகள் செப்புக் கம்பிபோல் மின்னின. சிரைகளைக் கடக்கும் இடங்களில் அவற்றை நெரித்திருந்தன. பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோல் இரண்டு வெண்திட்டுகள். ரத்த அழுத்தம் 190/110. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.2 என்று வந்தது. ஆய்வகத் தாளில் இயல்பின் எல்லையும் 1.2. ‘சிறுநீரகம் நலம்’ என்று என் கையாலேயே எழுதினேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து, செருப்பு வார் பதியும் அளவுக்கு வீங்கிய கால்களோடு வந்தார்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. கட்டுமஸ்தான இளைஞனுக்கு 1.2 ஒன்றுமில்லை. அந்தப் பாட்டியின் வயதையும் பாலினத்தையும் சேர்த்து இன்றைய சூத்திரத்தில் போட்டால் வடிகட்டும் திறன் 50-ஐக்கூடத் தொடாது. அது 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாட்பட்ட சிறுநீரக நோய்தான். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரு குப்பிச் சிறுநீர். அதில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தொட்டாலே கசிவு என்று பொருள். அப்போதே தெரிந்திருந்தால் எனலாபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கிச் சேதத்தை மட்டுப்படுத்தியிருக்கலாம்.

விழித்திரையின் நுண்தமனிகளைக் கெடுக்கும் அதே அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்தமனிகளையும் தடிக்க வைக்கிறது. முன்னதை மட்டும்தான் நம்மால் நேரில் பார்க்க முடிகிறது. இந்த விழித்திரைச் சேதத்துக்குக் கீத், வேக்னர், பார்க்கர் என்ற மருத்துவர்கள் மூவரும் 1939-இல் வகுத்த நான்கு நிலைகளைப் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ‘மூன்றாம் நிலை’ என்று அழகாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் கண்ணாடியின் பவரை எழுதுவார்கள். போன வாரமும் இப்படி ஒரு சீட்டு என் மேசைக்கு வந்தது. சிறுநீர்ப் பரிசோதனை எங்கே என்றேன். “அது மெடிசின்காரர்கள் பார்ப்பார்கள், சார்.” நானும் அன்று இப்படித்தான் நினைத்தேன்.

பார்வை தெளிவாக இருக்கிறதே என்பது

சேதம் நடுவிழித்திரையைத் தொடும்வரை நோயாளி பெரும்பாலும் எதையும் உணரமாட்டார்.

கண் சுத்தம், ஆகவே சிறுநீரகமும் சுத்தம்

இல்லை. கண்ணில் ஒன்றுமில்லாதவருக்கும் சிறுநீரில் புரதம் கசியும். அதேபோல, வெண்திட்டு என்றதும் பழியைப் பிரஷர் மேல் போடாதீர்கள், சர்க்கரையாலும் வரும்.

நாக்குக்கு அடியில் நிஃபெடிபின்

அழுத்தத்தைக் குறைக்கும் இந்த மருந்தை அப்படித் தரவே கூடாது. அழுத்தம் சடாரென்று விழுந்தால் பார்வை நரம்பும் மூளையும் பட்டினி கிடக்கும்.

மூட்டுவலி மாத்திரையைக் கேட்காமல் விடுவது

“வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்றால் இல்லை என்பார்கள். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே அல்ல; சிறுநீரகத்தைக் கெடுப்பதோ அதுவும்தான். சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.